கீழே இறங்கிப்போன மஞ்சள் கோடு

எழுதுவது படித்தவர்களின் வேலை என்று நினைத்தே வளர்ந்தவள் நான். சாதாரண தரப் பரீட்சையோடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதிலும் கணிதத்தில் பாஸ் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாலே நாலு தடவை கிழித்துப் போடுகிற ஆள், முன்பின் தெரியாதவர்கள் வாசிக்கப் போவதை எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் எதையும் சொல்லப் போவதில்லை. கம்பியூட்டரில் படத்தின் மேல் ஓடும் ஒரு மெல்லிய மஞ்சள் கோட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அது ஒருமுறை கீழே இறங்கிவிட்டது. நான் அதைத் திரும்ப மேலே ஏற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள் நான் ஹட்டனில் ஒரு வீடியோக் கடையில் வேலை செய்தேன். பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் வீதியில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் அந்தக் கடை இருந்தது. முன்னறையில் முதலாளியின் மேசை, சுவரெல்லாம் மணமக்கள் படங்கள். ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் என் அறை. அதில் கம்பியூட்டர், கேசட் ஓட்டும் டெக், என் நாற்காலி, இரண்டு ஸ்டூல். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்துவிடும் என்பதால் ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.

வட்டவளையிலிருந்து காலை ரயிலில் வருவேன். வேலை கேட்டுப் போன அன்று முதலாளி என்னை நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். "வாய் பேசுறதுக்கு நான் ஒருத்தன் போதும். எனக்கு உன்னய மாதிரி ஆளுதான் வேணும் புள்ள" என்று சொல்லி அன்றைக்கே உட்கார வைத்துவிட்டார். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்க் கல்யாணமும் சடங்கும் திருவிழாவும் எடுத்துக்கொண்டு வருவார். நான் வெட்டி ஒட்டுவேன். வாடிக்கையாளர்களை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் குரல். இந்தப் பக்கம் என் கண்ணாடித் திரையில் அவர்கள் முகம்.

எங்கள் கடை வீடியோக்களுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பிள்ளையார் வருவார். பிறகு அருவி. முதலாளி ஒருமுறை இறம்பொடைக் கோயிலுக்குப் போனபோது எடுத்த அருவி அது. அந்த அருவிக்கு மேல்தான் குடும்பத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து போவார்கள். உயிரோடு இருப்பவர் வந்தால் திரை முழுக்க அவராகவே இருப்பார், அருவி மறைந்துவிடும். செத்துப்போனவர் என்றால் பாதி வெளிச்சத்தில் வருவார்; அவருக்குள்ளால் தண்ணீர் விழுவது தெரியும். வானத்திலிருந்து ஆசீர்வாதம் செய்வதுபோல என்று முதலாளி சொல்வார். எங்கள் சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் போய்ச்சேர்ந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரே அருவிக்குள்தான் இருந்தார்கள்.

ஓடர் எடுக்கும்போதே முதலாளி கேட்டுவிடுவார். "அப்பா பாதியா, முழுசா?" "பாதிதான் மொதலாளி, போன வருஷம் போயிட்டாரு." "பெரியப்பா?" "அவரு முழுசு. கல்லு மாதிரி இருக்காரு." யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை ஒரு ஆள், காணிச் சண்டையில் பேச்சு விட்டுப்போன தன் தம்பியைப் பாதி போடச் சொன்னார். "அவன் செத்துட்டானா?" என்று முதலாளி கேட்டார். "எனக்கு செத்துட்டான்." "அதுக்கெல்லாம் பாதி போட முடியாதுண்ணே. அப்புறம் அவன் வந்து என்னய பாதியாக்கிருவான்" என்று முதலாளி சொல்ல, திரைக்குப் பின்னால் இருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இந்தப் பாதி, முழுசு எல்லாம் கம்பியூட்டரில் அந்த மஞ்சள் கோட்டால்தான் நடக்கும். வெட்டி வைத்த ஒவ்வொரு துண்டுப் படத்தின் மேலும் குறுக்காக ஒரு கோடு ஓடும். கோடு உச்சியில் இருந்தால் படம் முழுசு. மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் படம் மங்கிக்கொண்டே போகும். அடியில் விட்டால் ஆளே இல்லை. அதற்கு மெனுவில் ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது, ஒபாசிட்டி என்று. அகராதியில் பார்த்தேன். ஒளிபுகாமை என்று போட்டிருந்தது. எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. கோடு என்றே வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோட்டில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு துண்டை நகர்த்தப் போகும்போது மவுஸ் தவறிக் கோட்டின்மேல் பட்டுவிட்டால், துண்டு நகராது, கோடு இறங்கிவிடும். சத்தமும் வராது, எச்சரிக்கையும் வராது. ஹட்டன் குளிரில் விரல் விறைத்துப் போயிருக்கும்போது இது நடக்கும். பெரும்பாலும் உடனே கண்ணில் பட்டுவிடும். ஒன்றிரண்டு தடவை படாமலும் போயிருக்கிறது. அப்போதெல்லாம் மேளக்காரரோ வாழைமரமோ மங்கித் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில், காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் குடையை உதறும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"மொதலாளி, என் பொஞ்சாதிய பாதி போட்டுட்டீங்க."

முதலாளி சிரித்தார். "என்னண்ணே, வந்ததும் வராததுமா?"

"முழுசுன்னுதானே சொல்லிட்டுப் போனேன்."

அதன்பின் முதலாளியின் சிரிப்புச் சத்தம் இல்லை.

அவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்துக்காரர். மகள் பெரியவளான சடங்கு வீடியோவை இரண்டு நாளைக்கு முன்னால்தான் சீடியாக வாங்கிப் போயிருந்தார். மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அதனால் சடங்கில் அம்மா இல்லை. அவருடைய அக்காதான், பிள்ளைக்கு அத்தை, எல்லாச் சடங்கும் செய்தார். அம்மா இல்லாத குறை தெரியக் கூடாது, எப்படியாவது அவரையும் வீடியோவில் சேர்த்துவிடுங்கள் என்று அந்த ஆள் கேட்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் மனைவியுடைய தங்கச்சி கல்யாணத்தை எடுத்ததும் எங்கள் முதலாளிதான். அந்தக் கேசட்டில் தேடி, அந்த அம்மா தாம்பாளத்தோடு நடந்து வந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு சின்னத் துண்டை எடுத்து வைத்தேன். நேரம் போதாது என்று அதை மெதுவாக ஓடவிட்டேன். அருவிக்கு மேல் முழுசாக வரும்படி வைத்தது எனக்கு நல்ல நினைவு. அதற்குப் பிறகு பாட்டை மாற்றினேன். மாலையில் முதலாளி உட்கார்ந்து எழுத்துகளைத் திருத்தினார். அவர்தான் சீடி அடித்தார். இடையில் எந்தக் கை பட்டது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

வந்தவர் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையை மவுஸில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில் கோயில் தலைவர் வீட்டில்தான் பெரிய டீவி இருந்ததாம். பொழுது சாய்ந்து, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஆட்கள் வந்து, முகம் கழுவிவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். காம்பரா என்கிற அந்தச் சின்ன அறை கொள்ளாத சனம். பிள்ளையார் வந்தார், கும்பிட்டார்கள். அருவி வந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் பாதியாக வந்து போனார்கள். அடுத்தது அவர் மனைவி வந்தார். சிரித்த முகத்துக்குள்ளால் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஒருத்தரும் பேசல மொதலாளி. அப்புறம் பக்கத்து காம்பரா அம்மா ஒண்ணு, அடி எந்தங்கமே எப்படி போனன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு எந்திரிச்சிருச்சு. அவ்வளவுதான். அத்தன சனமும் அழுகுது. எங்கக்கா என் சட்டைய புடிச்சு உலுக்குது. என்கிட்டகூட மறைச்சிட்டியேடா தம்பி, ஏஜென்சிக்காரன் எப்ப சொன்னான், எப்ப சொன்னான்னு. நான் என்னான்னு சொல்றது?"

"ஐயோ, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணே."

"யாரு கேக்குறா? பாதி வந்தா என்னான்னு எல்லாருக்கும் தெரியும்ல. பாப்பா வாசப்படியில நின்னுகிட்டு, எங்கம்மா சாகல, எங்கம்மா சாகலன்னு கத்துது. புள்ளைக்கே இப்பதான் தெரியுதுன்னு நெனச்சு இன்னும் கூட அழுவுறாங்க."

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கப் போன இடத்தில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அவரை ஒதுக்கிக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தாராம். சாவு வீட்டுக்குப் பணம் கொடுக்கும் மரணாதாரச் சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்து, உடல் அங்கேயே அடக்கமா, கருமாதி எப்போது வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

"உங்க வீட்டம்மா நல்லாத்தானே இருக்காங்க? போன் எடுத்து காதுல வச்சிட்டா முடிஞ்சுது" என்றார் முதலாளி.

அந்த ஆள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன தீபாவளிக்கு முன்னால பேசுனது மொதலாளி. வேற வீட்டுக்கு மாத்தப் போறாங்கன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. பழைய நம்பர்ல வேற யாரோ எடுத்து அரபியில ஏசுறாங்க. ஏஜென்சியில கேட்டா விசாரிக்கிறோம், விசாரிக்கிறோம்."

அடுத்த தீபாவளியும் அப்போது கிட்டத்தில் வந்துவிட்டிருந்தது.

முதலாளி திரையை விலக்கினார். அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "ஏ புள்ள, அத எடு" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த ஆளை உள்ளே வரச் சொன்னார். அவருக்குப் பின்னால் அந்தப் பிள்ளையும் வந்தது. அதுவரை அவள் ஒரு சத்தமும் போடாமல் முன்னறையில் நின்றிருக்கிறாள். ஸ்கூல் யூனிபோர்ம் போட்டிருந்தாள், தலையில் மழைத்துளி. சடங்கு வீடியோவில் நாள்கணக்காக நான் பார்த்த முகம்தான், ஆனால் பூவும் நகையும் இல்லாமல் அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, நானும் பாக்கலாமா?" என்றாள்.

ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் வேலை ஓடாது.

துண்டைத் தேடி எடுத்து ஓட்டினேன். அவர் சொன்னபடியே இருந்தது. தாம்பாளத்தோடு அந்த அம்மா மெதுவாக நடந்து வந்தார். அவர் நெற்றியிலும் கன்னத்திலும் இறம்பொடைத் தண்ணீர் ஓடியது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோட்டைப் பிடித்து மேலே ஏற்றினால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கோட்டைக் காணவில்லை. இடம் போதாதென்று படங்களின் வரிசையை யாரோ மடித்துச் சின்னதாக்கி வைத்திருந்தார்கள். அப்படி மடித்தால் கோடு கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்று வரை வரிசை விரிந்தே இருந்ததால் அதை யோசிக்க வேண்டி வந்ததில்லை. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்தது, தண்ணீர் போகவில்லை. அதைத் திரும்ப எடுத்துவிட்டு நிறத்தைக் கூட்டினேன். சேலை இரத்தச் சிவப்பாகியது; தண்ணீரும் சிவந்தது. இன்றென்றால் பழைய கேசட் துண்டைப் புதிதாக எடுத்துப் பக்கத்தில் வைத்து வேலையை முடித்திருப்பேன். பின்னால் இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததில் அது தோன்றவே இல்லை.

"கஷ்டமாங்க தங்கச்சி?" என்று அவர் கேட்டார்.

"இல்லண்ணே. கொஞ்சம் இருங்க."

"அவசரமில்ல. அவசரமில்ல."

வரிசையின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதைத் தட்டினேன். வரிசை விரிந்தது. உள்ளே மஞ்சள் கோடு, பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. இத்தனை நாள் தினமும் தொட்ட கோடு. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பிடித்து உச்சிக்கு ஏற்றினேன்.

ஓட்டியபோது அந்த அம்மா முழுசாக வந்தார். அருவி மறைந்தது. மஞ்சள் சேலை, மூக்குத்தி, தாம்பாளத்தில் வெற்றிலையும் சீப்பு வாழைப்பழமும். பிள்ளை முன்னால் நகர்ந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல மங்கத் தொடங்கினார். தண்ணீர் திரும்ப வந்தது.

"அக்கா, திரும்ப போறாங்க" என்றாள் பிள்ளை.

கோட்டில் ஒரு புள்ளி இருந்தது, துண்டின் கடைசியில். கோட்டில் புள்ளி விழுந்துவிட்டால், கோட்டின் ஒரு பக்கத்தை மேலே தூக்கினாலும் மற்றப் பக்கம் அந்தப் புள்ளியோடு கீழேயே நிற்கும். நான் ஏற்றியது முன்பக்கத்தை மட்டும். கண்ணைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நடுவிலும் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன். கோடு நேராக, உச்சியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. திரும்ப ஓட்டினேன். அந்த அம்மா கடைசி வரை மங்கவில்லை.

"ஆ, வந்துட்டாங்க பாரு உங்கம்மா" என்றார் முதலாளி, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு. "கொழும்பு என்ஜினியரு தோத்தான் எங்க புள்ளகிட்ட." அவருக்கு எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

துண்டின் முடிவில் அந்த அம்மா வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொல்வார். மேலே பாட்டு ஓடுவதால் அது கேட்காது.

"அம்மா என்னமோ சொல்றாங்கக்கா. என்னா சொல்றாங்க?"

எனக்கும் தெரியாது. நான் அதைக் கேட்டதே இல்லை. சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் வெட்டுவேன். பாட்டை நிறுத்தினேன். மெதுவாக ஓடவிட்டிருந்ததால் குரல் ஆண்குரல் மாதிரி இழுபட்டுக் கேட்டது. பிள்ளை பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். பழைய வேகத்துக்கு மாற்றி ஓட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் தெளிவாகக் கேட்டது.

"என்னய எதுக்கு எடுக்குறீங்க? அங்க பொண்ண எடுங்க!"

பிள்ளை சிரித்துவிட்டாள். "அப்படித்தான் அம்மா பேசும்" என்றாள். "இன்னொருக்கா போடுங்கக்கா." போட்டேன். "இன்னொருக்கா." கேட்ட போதெல்லாம் போட்டேன். அவளும் சேர்ந்து சொல்லத் தொடங்கினாள், முந்தானை இல்லாத கையால் வாயை மூடிக்கொண்டு. "அங்க பொண்ண எடுங்க!"

அவள் அப்பா சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து குடையின் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மாற்றியதைக் கம்பியூட்டர் சேர்த்து முடிக்க நேரம் எடுக்கும். மேலே ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும். மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வரும், போனால் முதலிலிருந்து. முதலாளி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கீழே போனார், பிளேன்டீயும் வடையும் வாங்கித் தருகிறேன் என்று. நானும் அந்தப் பிள்ளையின் அப்பாவும் மட்டும் இருந்தோம். அந்நிய ஆளோடு ஒரு அறையில் இருப்பது எனக்கு ஆகாது. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா தெளிவா வந்துருச்சுங்க தங்கச்சி" என்றார்.

"மன்னிச்சிருங்கண்ணே. எப்படி எறங்குச்சின்னு தெரியல."

"சேச்சே." குடையைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு எல்லாரும் அழுதாங்கல்ல. நானும் அழுதுட்டேன். எனக்குத் தெரியும், உங்க கையில ஏதோ தப்பு நடந்திருக்கும்னு. மத்த எவனுக்கும் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சும் அழுதேன். அக்கா சோறு கொண்டாந்து வச்சிச்சு, சாப்பிட்டேன். படுத்தேன். ஒரு வருஷமா தூக்கம் இல்லங்க. அன்னைக்கு படுத்தது தெரியும், விடிஞ்சது தெரியும்."

பச்சை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தேன்.

"இப்ப இந்தா வந்து நிக்குது பாருங்க, சிரிச்சிக்கிட்டு. அங்க பொண்ண எடுங்கன்னு. இதப் பாத்தா நாளைக்கு காலையில பஸ்ஸ விட்டு எறங்கிரும் மாதிரி இருக்கு. இனி மறுபடியும் பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் எட்டிப் பாக்கணும்."

"வந்துருவாங்கண்ணே" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. யாரிடமும் பேசாத நான், பேசிய ஒரே நேரத்தில் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், என் மனம் நோகக் கூடாதென்று ஆட்டுவது மாதிரி.

பச்சை முடிந்தது. முதலாளி திரும்பி வந்து, பழைய சீடியை வாங்கி உடைத்துப் போட்டுவிட்டுப் புதியது அடித்தார். பிள்ளை அதைத் தன் புத்தகப்பையில் இரண்டு கொப்பிகளுக்கு நடுவில் வைத்தாள். அவள் உதட்டில் வடை எண்ணெய் மினுங்கியது. "இன்னைக்கே தலைவர் வீட்டுல போடச் சொல்லணும்ப்பா. எல்லாரையும் கூப்பிடணும். அந்தக் காம்பரா அம்மாவையும் கூப்பிடணும்" என்றாள்.

"கூப்பிடுவோம்" என்றார் அவர்.

"வந்து பாக்கட்டும். வந்து பாத்துட்டு அப்புறம் பேசட்டும்."

"சரி பாப்பா. வா, பஸ் போயிரும்."

படியில் இறங்கும்போதும் அவள் "அங்க பொண்ண எடுங்க" என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டது. முதலாளி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சனம் நம்பும்னு நெனைக்கிறியா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"நானும் நெனைக்கல. ஒருக்கா செத்தவங்கள திருப்பிக் கொண்டாந்து காட்டுனா, கடைக்காரன் காசுக்கு மாத்திக் குடுத்தான்னுதான் சொல்லுவாங்க." வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டத்தில் எதிர்க் கடைகூடத் தெரியவில்லை. "ஆனா அந்தப் புள்ளைக்கு வேணும்ல" என்றார்.

அன்று மாலை ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அந்தக் குரல் காதில் இருந்தது. எத்தனையோ வருடம் ஒரு கேசட்டுக்குள் கிடந்த குரல். அந்தக் கல்யாண வீட்டில் அதைக் கேட்டவர்கள்கூட மறந்திருப்பார்கள். பாட்டைப் போட்டு அதை மூடியது நான்தான். எல்லாக் குரல்களையும் அப்படித்தான் மூடினேன், அதுதான் வேலை. அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்த நாட்டைக் கற்பனை செய்யத் தெரியவில்லை. ஒரு சமையலறை மட்டும் தெரிந்தது, ஜன்னல் இல்லாமல். அதுகூட என் அறையாக இருக்கலாம்.

பாதி, முழுசு என்று இரண்டு மட்டும் வைத்திருந்தோம். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரை எந்த இடத்தில் வைப்பது என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கோட்டில் அதற்கென்று ஒரு இடம் கிடையாது. எங்கே விட்டாலும் பார்க்கிறவர்கள் இரண்டில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ரயில் ரொசல்ல தாண்டும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குப் படிப்புப் போதாது.

மறுநாள் அவர் தனியாக வந்தார். பழைய மாதிரியே ஒன்று வேண்டும் என்றார், பாதி போட்டது. பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், அவளுடையது அவளிடம் இருக்கட்டும் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். கோட்டைப் பிடித்து முன்பு இருந்த இடத்துக்கு இறக்கினேன். சீடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் பகல் பஸ்ஸுக்குப் போனார்.